காற்று சரியில்லையா, தூண்டில் சரியில்லையா? மீன்பிடிப்பும் வானிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்களுக்கும், கடற்கரையில் நின்று வீசுகிறவர்களுக்கும், 'இன்னைக்குப் பாடு (பிடிபட்ட மீன்) எப்படி?' என்று படகு வரும் நேரம் பார்த்து நிற்கிறவர்களுக்கும் இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கடலும் குளமும்தான். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் பல விதிகள் குளிர் நாடுகளுக்கானவை. அவற்றை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

வானிலைக்கும் மீன் கிடைப்பதற்கும் தொடர்பு உண்டா, இல்லையா?

உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் நினைக்கிற வழியில் இல்லை.

வானிலை மூன்று இடங்களில் கை வைக்கிறது. மீன் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. இருக்கிற மீன் இரை எடுக்கிறதா என்பது இன்னொன்று. நம் வலையும் தூண்டிலும் படகும் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பது மூன்றாவது. கரையில் நின்று பேசும்போது எல்லாரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்: 'இன்னைக்கு மீனுக்குப் பசியில்லப்பா.' என் கணிப்பில் வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் பெரும்பகுதிக்கு முதலாவதும் மூன்றாவதும்தான் காரணம். மீன் இடம் மாறியிருக்கும், அல்லது காற்றில் தூண்டில் நரம்பு வளைந்து தொங்கி, கடித்ததே கைக்குத் தெரிந்திருக்காது.

காற்றழுத்தம் குறைந்தால் மீன் கடிக்காது என்கிறார்களே?

தூண்டில்காரர்களிடையே அதிகம் பரவியிருக்கும் நம்பிக்கை இது. கைபேசியில் காற்றழுத்தக் கோடு காட்டும் ஆப் வைத்துக்கொண்டு, அது இறங்கினால் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1013 மில்லிபார். தண்ணீருக்குள் 1 செ.மீ. கீழே போனால் ஏறத்தாழ 1 மில்லிபார் கூடும். 10 மீட்டர் போனால் இன்னொரு வளிமண்டலத்தின் எடையே மேலே ஏறிவிடும். ஆக, ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து 10 மில்லிபார் இறங்கியது என்றால், மீனைப் பொறுத்தவரை அது ஒரு சாண் கூட இல்லை, அரைச் சாண் மேலே வந்ததற்குச் சமம். ஒரு ரோகு அடிமண்ணிலிருந்து அரை மீட்டர் மேலே எழும்பி மறுபடி இறங்கினாலே 50 மில்லிபார் மாற்றத்தைப் பார்த்துவிடுகிறது. அதை ஒரு நாளில் எத்தனை முறை செய்யும்!

இன்னொன்று. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில் காற்றழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் பள்ளம், இடையே 3, 4 மில்லிபார் வித்தியாசம். புயலும் இல்லை, மழையும் இல்லை, எல்லா நாளும் இப்படித்தான். ஆப்பில் மாலையில் கோடு இறங்குவதைப் பார்த்து 'அழுத்தம் விழுகிறது' என்று பயப்படுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த அன்றாட அலைவைத்தான்.

அழுத்தம் இறங்கும் நாட்களில் மேகமும் காற்றும் மழையும் கூடவே வரும். மீன் நடத்தை மாறினால் காரணம் அவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயர் மட்டும் அழுத்தத்துக்குப் போய்ச் சேருகிறது.

அப்படியென்றால் மீனுக்கு அழுத்தம் தெரியவே தெரியாதா?

தெரியும். 2001-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கேப்ரியல் என்ற புயல் கரையைக் கடப்பதற்கு முன், டெரா சியா என்ற ஆழமில்லாத வளைகுடாவில் ஒலிக்கருவி பொருத்தி ஆராய்ச்சியாளர்கள் கண்காணித்துவந்த இளஞ்சுறாக்கள், அழுத்தம் இறங்க ஆரம்பித்ததும் அங்கிருந்து கிளம்பி ஆழமான பகுதிக்குப் போய்விட்டன. புயல் போனபின் திரும்பி வந்தன. அவை வெளியேறியது காற்றழுத்தம் விழுந்த நேரத்தோடு பொருந்தியது.

கவனியுங்கள்: அவை இடத்தை விட்டுப் போயின. 'புயலுக்கு முன்னால் மீன் வெறி பிடித்துத் தின்னும்' என்று சொல்வதற்கு இது சான்று ஆகாது. மெல்ல இறங்கும் அழுத்தத்தை மீன் அபாய அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காகப் பசி கூடுவதோ குறைவதோ வேறு விஷயம்.

எந்தக் காற்றுக்கு மீன் நன்றாகக் கிடைக்கும்?

ஆங்கிலத்தில் மீன்பிடிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கிழக்குக் காற்றைத் திட்டுவார்கள். அங்கே ஐரோப்பாவில் கிழக்குக் காற்று என்றால் வறண்ட, எலும்பைத் துளைக்கிற குளிர். நமக்குக் கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மழை கொண்டுவரும் காற்று. இரண்டும் ஒன்றல்ல. ஆகவே அந்த விதியை இங்கே மறந்துவிடலாம்.

நம் கடற்கரையில் காற்றுக்குப் பெயர் திசையை வைத்து: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல். ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும். மீனவர்கள் காற்றைப் பார்ப்பது மீனின் மனநிலையை அறிய அல்ல. போக முடியுமா, திரும்ப முடியுமா, வலை நேராக நிற்குமா என்பதற்காக. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்றில் கட்டுமரம் பாய் விரித்துப் போகும்; பகலில் கடல்காற்று எழும்பியதும் அதிலேயே கரை திரும்பும். இயந்திரம் வருவதற்கு முன் கிழக்குக் கரையின் தொழில் நேரத்தையே இந்தக் காற்றுகள்தான் வகுத்தன.

கரையிலிருந்து தூண்டில் போடுகிறவருக்கு நான் சொல்வது இதுதான். லேசான அலை இருக்கும் கடல், கண்ணாடி மாதிரி கிடக்கும் கடலைவிட நல்லது. அலை மணலைக் கிளறினால் சிறு நண்டும் புழுவும் வெளியே வரும். அவற்றைத் தேடிக் கிழங்கானும் மற்ற சிறு மீன்களும் கரையோரத்துக்கு வரும். அவற்றைத் தேடிப் பாறை மீனும் கொடுவாவும் வரும். ஏரியில் காற்றடிக்கும் பக்கத்துக் கரையை எல்லாரும் ஒதுக்குவார்கள், முகத்தில் அடிக்கிறதே என்று. மிதக்கிற பூச்சியும் நுண்ணுயிரும் காற்று தள்ளி ஒதுங்குவது அந்தக் கரையில்தான். வீசுவது சிரமம். ஆனால் மீன் அங்கே.

மீனவர்கள் தெண்டி, வன்னி என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

நீரோட்டம். சென்னைப் பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது. வலையை இறக்கினால் அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்துச் சொல்வார்கள்.

கடலியலாளர்கள் அளந்து சொல்வதும் இதேதான்: இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் வருடத்தில் திசை மாறும். கோடையில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கி. எந்த மாதத்தில் எந்த மீன், எந்த ஆழத்தில், எந்த அளவுக் கண் உள்ள வலைக்கு என்று மீனவர்கள் கணக்கு வைத்திருப்பதில் பாதி இந்த ஓட்டத்தைச் சேர்ந்தது. ஓட்டத்தோடு தண்ணீரின் சூடு மாறும், உப்பு மாறும், நிறம் மாறும். ஓட்டம் வேகமாக இருந்தால் வலை சாய்ந்து படுத்துவிடும். மீன் இருந்தும் பாடு இருக்காது. காற்றே இல்லாமல் ஓட்டமும் மந்தமாக, தண்ணீர் சூடாகக் கிடக்கும் நாட்களில் சொறிமீன் (ஜெல்லி மீன்) கூட்டம் வந்து வலையை நிரப்பும். அதை உதறிக் கழுவுவதற்குள் கை முழுக்க அரிப்பு. அன்றைக்கு மீன் கடலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்றைய காற்றை மட்டும் பார்த்து இன்றைய மீனைச் சொல்ல முடியாது என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. கடலை மாற்றுவது பல நாள், பல வாரம் ஒரே பக்கம் வீசிய காற்று.

மழைக்கு மீன் கிடைக்குமா?

எந்த மழை, எங்கே என்று கேட்க வேண்டும்.

குளத்தில் தூறல் நல்லது. நீர்மட்டம் முழுக்கப் புள்ளிபுள்ளியாகக் கலைந்திருப்பதால் கரையில் நிற்பவரின் நிழலும் அசைவும் மீனுக்குச் சரியாகத் தெரியாது. மேகமூட்டத்துக்கும் ஓரளவு இதே பலன். கொட்டுகிற மழை வேறு. செம்மண் கரைந்து தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீனுக்குச் செயற்கை இரை தெரியாது. அப்போது மண்புழு, இறால் போன்ற மணமுள்ள இரைக்குக் கெளுத்தி கிடைக்கும்.

புது வெள்ளம் என்பது இன்னொரு கதை. மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போதும், ஐப்பசியில் ஏரிக்குள் முதல் வெள்ளம் இறங்கும்போதும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். வாய்க்காலில், மதகடியில், நெல் வயலின் மடையில்கூட கையால் அள்ளலாம். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அது பசியால் வருவதில்லை, முட்டையிட வருவது. மடையை அடைத்து வலை கட்டி மொத்தத்தையும் வாரினால் அடுத்த வருடம் அந்தக் குளத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலும் அப்படியே: எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும், ஏனென்றால் அது காவல் காக்கிறது. அதைப் பிடித்துப் படம் போடுவதில் திறமை ஒன்றும் இல்லை.

கடலில் மழைக்குப் பின் பார்க்க வேண்டிய இடம் முகத்துவாரம். பழவேற்காடு போன்ற காயலில் நன்னீர் புகுந்து உப்பு குறையும்போது இறால் கடலை நோக்கி நகரும். தொழில் அதைச் சுற்றியே நடக்கும். கடல் நீர் இறங்குகிற நேரத்தில், கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கிற கோட்டில் கொடுவா காத்திருக்கும்.

கொளுத்தும் வெயிலில் போகலாமா?

இங்கேதான் வானிலை நேரடியாக மீனின் உடம்பைத் தொடுகிறது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் வரை கரையும்; 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே நேரம், சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். வரவு குறைவு, செலவு அதிகம்.

குளத்தில் பாசியும் உண்டு. பகலில் அது ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து சுவாசிக்கும். எனவே பச்சைப் பசேல் என்று இருக்கும் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது நடுப்பகலில் இல்லை, விடியலுக்குச் சற்று முன்பு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் பகலில் சேரும் ஆக்சிஜனும் குறைந்து நிலைமை மோசமாகும். மீன் வளர்ப்பவர்கள் அஞ்சும் நேரம் இது. அந்த விடியலில் குளக்கரையில் நின்று பார்த்தால், தண்ணீர் விழும் குழாய்ப் பக்கம் கட்லாவும் ரோகுவும் வரிசையாக வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடும். 'சப் சப்' என்று சத்தம் கேட்கும். ஆள் கிட்டே போனாலும் சட்டென்று உள்ளே போகாது. குளக்காரர் ஓடிப்போய் மோட்டார் போடுவார், ஏரேட்டரைத் தட்டிவிடுவார். 'எவ்வளவு மீன் மேலே வந்திருக்கு' என்று சந்தோஷப்பட்டுத் தூண்டிலை எடுக்கிற புதியவர்களும் உண்டு. வாய்க்கு நேரே இரை உருண்டையை மிதக்க விட்டாலும் அது தின்னாது. மூச்சுக்குத் திணறுகிறது.

இதற்கு விலக்கு விரால், தேளி, பனையேறிக் கெண்டை. இவை காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாதது இவற்றுக்குப் பெரிய பொருட்டில்லை. அதனால்தான் சித்திரை வெயிலில் ரோகு அசையாமல் கிடக்கும்போதும், ஆகாயத்தாமரைக்கு இடையே ரப்பர் தவளையை இழுத்தால் விரால் அடிக்கும். வெயில் தாங்குமா என்பது மீனைப் பற்றிய கேள்வியாக இல்லாமல் நம்மைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

மற்ற மீன்களுக்கு: காலை வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்து, அல்லது சாயங்காலம். கும்மிருட்டில் போய் உட்காருவதைப் பாசி மண்டிய குளங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அமாவாசை, பௌர்ணமி பார்க்க வேண்டுமா?

இது வானிலை இல்லை, ஆனாலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கடலில் பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏற்றமும் வற்றமும் அதிகம். முகத்துவாரத்தில் ஓட்டம் வலுக்கும், இரை அடித்து வரப்படும். இரவில் வலை விடுகிறவர்களுக்கு இருட்டு நாட்கள் வசதி, நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும். விளக்கு வைத்துக் கணவாய் பிடிக்கிறவர்களும் நிலா இல்லாத இரவையே விரும்புவார்கள்.

ஏரியில் ஏற்றவற்றம் கிடையாது. 'இன்று 2.40 முதல் 4.40 வரை மீன் கடிக்கும்' என்று மணிக்கணக்கோடு சொல்லும் ஆப்களுக்கு அடிப்படை, 1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் வகுத்த சூரிய சந்திர அட்டவணை. ராகுகாலம் பார்ப்பது போலப் பார்க்கலாம், தப்பில்லை.

வானிலை ஒரு மீனையே காணாமல் அடித்துவிடுமா?

மத்தி விஷயத்தில் கிட்டத்தட்ட அப்படி நடந்தது. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடியில் உள்ள குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும். அதில் நுண்பாசி பெருகும். அதைத் தின்று மத்தி பெருகும். 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2015-இல், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தது, கடல் சூடானது, அதற்கு முந்தைய வருடங்களில் அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. 2021-இல் பிடிபட்டது 3,300 டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. ஏழைகளின் தட்டில் இருந்த மீன் விலையேறிப்போனது அந்தச் சமயத்தில்தான்.

வானிலையின் உண்மையான பலம் இந்த அளவில் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை மீன் கடித்ததா, புதன்கிழமை கடித்ததா என்பதில் அது தெரிவதில்லை.

மீன் இருக்கும் இடத்தை அரசே சொல்கிறதாமே?

ஆமாம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைத் தமிழ் உட்பட மாநில மொழிகளில் அறிவிக்கிறது. செயற்கைக்கோள் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் தண்ணீரில் உள்ள நுண்பாசியின் பச்சையத்தையும் பார்க்கிறது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கிற, பச்சையம் திரண்ட இடத்தைக் குறித்து, எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை தூரம் என்று சொல்வார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' ஆப்பிலும் இது வரும்.

ஒரு குறை: மேகம் மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அறிவிப்பும் வராது. மீன்பிடித் தடைக்காலத்திலும் வராது. அப்புறம், இது கூட்டமாகத் திரியும் மீன்களுக்குப் பொருந்தும். பாறை இடுக்கில் இருக்கும் களவாவுக்கு இல்லை.

தடைக்காலம் முடிந்து போகும் முதல் நாளில் மீன் குவிகிறதே, அது காற்று மாறியதாலா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போவதில்லை. இரண்டு மாதம் இழுவலை படாத கடலில் முதலில் இறங்குகிறவருக்கு நிறையக் கிடைப்பது இயல்பு. புயல் ஓய்ந்தபின் கிடைக்கும் முதல் பாடும் ஓரளவு இப்படித்தான். சில நாள் யாரும் போகவில்லை. கூடவே புயலுக்கு ஓர் உண்மையான விளைவும் உண்டு: வங்கக் கடலில் மேலே லேசான நன்னீர் படலம் கிடப்பதால் அடிநீர் எளிதில் மேலே வராது. புயல் அதைக் கலக்கி விடுகிறது. அது போன வழியில் பச்சையம் கூடுவதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். ஆனால் பச்சையம் மீனாக மாறக் காலம் எடுக்கும். மறுநாள் காலையில் கரையில் கொட்டுகிற மீனுக்கு அது காரணம் ஆகாது.

எனக்கு ராசியான வானிலை எது என்று நானே கண்டுபிடிக்கலாமா?

தாராளமாக. ஒரு நோட்டு போதும். காற்றுத் திசை, தண்ணீரின் நிறம், நீர்மட்டம், நேரம், இரை, எத்தனை மணி நேரம் நின்றீர்கள். முக்கியமாக, மீன் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். கிடைத்த நாளை மட்டும் மனதில் வைத்திருப்பதால்தான் 'வாடை அடிச்சா நமக்கு மீன் உறுதி' மாதிரியான நம்பிக்கைகள் பிறக்கின்றன. வானம் நன்றாக இருக்கும் நாளில்தான் நாம் அதிகம் போகிறோம், அதிக நேரம் நிற்கிறோம், ஆகவே நல்ல வானிலைக்கு நல்ல மீன் என்று தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். பல விதிகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

எப்போது போகவே கூடாது?

'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று வானிலை மையம் சொன்னால் விவாதமே இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக்கடல் அருகே மிக வேகமாக வலுத்தபோது, ஏற்கெனவே பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போயிருந்த, குமரி மாவட்டத் தூத்தூர் பகுதிப் படகுகளுக்குச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை. கைபேசிக் கோபுரம் எட்டாத தூரத்துக்கும் எச்சரிக்கையைக் கொண்டு செல்ல 2019-இல் ஜெமினி என்ற செயற்கைக்கோள் கருவி அறிமுகமானது. ஆழ்கடல் போகும் படகில் அப்படி ஒன்று இருக்க வேண்டும்.

இடி கேட்டால் தூண்டிலைக் கீழே வையுங்கள். இப்போது வரும் கழிகள் பெரும்பாலும் கார்பன் இழை, மின்சாரம் கடத்தும்.

வானம் தெளிவு, காற்றே இல்லை. கடலோரப் பாறையில் நின்று போடலாம்தானே?

அப்படி நம்பிவிட முடியாது. இப்படி அமைதியாகத் தோன்றும் நாளில் திடீரென்று பெரிய அலை ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலின் அலைகள் சில நாள் பயணம் செய்து குமரிக் கரைக்கும் கேரளக் கரைக்கும் வரும். இங்கே உள்ளூர் வானிலையில் எந்த அறிகுறியும் இருக்காது. சித்திரை, வைகாசியில் அதிகம். கடல் அமைதியாக இருப்பது போலக் கிடந்து, நீண்ட இடைவெளியில் வரும் ஓர் அலை மட்டும் பாறைக்கு மேலே ஏறி இழுத்துப் போய்விடும். இன்காய்ஸ் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பாருங்கள். போனபிறகும் உடனே பாறையில் ஏறாமல் பின்னால் ஒரு கால் மணி நேரம் நின்று அலையைக் கவனியுங்கள். நீங்கள் நிற்க நினைக்கும் இடம் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.